புண்பட்ட ஓர் ஆங்கிலச் சொல்

‘சோர்’ என்பது ஆங்கிலத்தில் நோவைக் குறிக்கும் ஒரு சிறிய பெயரடை. பள்ளி மாணவர் கையாளும் அகரமுதலிகள் பல, இதற்குப் ‘புண்ணான’, ‘புண்பட்ட’ என்று பொருள் வரைந்து அமைந்துவிடுகின்றன. அவ்வளவில் கற்று நின்ற மாணவன், நெடுந்தொலைவு ஓடி வந்த ஒருவன் தன் கால்கள் ‘சோர்’ ஆயின என்று கூறக் கேட்பானாயின், அவன் கால்களிற் சீழ் வடிவதாகவே எண்ணுவான். தொண்டை ‘சோர்’ என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளைக் கண்டு, தொண்டைக்குள் ஆறாப் புண் ஏதோ உள்ளதென்று அஞ்சுவாரும் உளர். சொல்லுக்குச் சொல் வைத்துப் பெயர்க்கும் பழக்கத்தால் விளையும் கேடு இது. ஆயினும், இச்சிறு சொல்லின் வரலாற்றைச் சற்றே கிளறிப் பார்ப்பின், ஆங்கிலத்தைப் பற்றி மட்டுமன்றித் தமிழைப் பற்றியும் அறியத் தக்கவை பல வெளிப்படுகின்றன.

முதற்கண் இச்சொல்லின் இற்றைப் பொருளைத் தெளிதல் வேண்டும். தொட்டால் நோகும், அசைத்தால் நோகும், வேலை வாங்கினால் நோகும் என்னும் நிலையில் உள்ள உறுப்பே ஆங்கிலேயனுக்குச் ‘சோர்’. நோவை உண்டாக்கும் பொருளை அஃது இயல்பாகக் குறியாது. நோவைத் தாங்கும் இடத்தையே குறிக்கும். ‘பெயின்புல்’ என்னும் பெயரடையோ இரண்டிற்கும் பொது. ஊசி குத்தும்போது அவ்வூசி ‘பெயின்புல்’ எனப்படும். மறுநாட் காலையில் தோள் ‘சோர்’ எனப்படும். ஊசியைச் ‘சோர்’ என்று எந்த ஆங்கிலேயனும் சொல்லான். மருத்துவர் தம் விரலால் அழுத்துங்கால் மட்டும் நோகும் இடத்திற்கு அவர்தம் வழக்கில் வேறு சொல் உண்டு. எவரும் தொடாதபோதும் உள்ளிருந்து ஓயாது உளையும் நோவுக்கு ‘ஏக்’ என்னும் சொல் உண்டு.

இனி, ‘சோர்’ என்பது பெயர்ச்சொல்லாகவும் வரும். அவ்வாறு வருங்கால் அதன் பொருள் புண்ணே. நெடுநாட் படுக்கையிற் கிடப்பார்க்கு முதுகில் உண்டாகும் படுக்கைப் புண்ணும், உதட்டோரத்துக் கொப்புளப் புண்ணும் இச்சொல்லாலேயே வழங்கும். பெயர்ச்சொல் புண்ணையும் பெயரடை நோவையும் குறிக்க, அகரமுதலியார் முன்னதன் பொருளைப் பின்னதற்கும் ஏற்றிவிட்டனர். குழப்பத்திற்கு வேர் இதுவே. ஆதலின், தசை ‘சோர்’ என்பதைத் தசை உளைச்சல் என்றும், தொண்டை ‘சோர்’ என்பதைத் தொண்டை நோவு என்றும், நடந்து ‘சோர்’ ஆன கால் என்பதை நடந்து நொந்த கால் என்றும் இடத்திற்கேற்பப் பெயர்த்தலே முறை.

இங்கு இருமொழிகளின் போக்கும் வேறுபடுதலைக் காணலாம். ஆங்கிலம் நோகும் உறுப்புக்கு ஓர் அடை கொடுத்து நிறுத்துகிறது. தமிழோ அவ்வுறுப்பு என்ன செய்கிறது என்று வினையாற் சொல்கிறது. கால் உளைகிறது, கை கடுக்கிறது, மூட்டுக் குடைகிறது, கண் உறுத்துகிறது, பல் கூசுகிறது, தொண்டை கமறுகிறது, நெஞ்சு கரிக்கிறது, தோல் காந்துகிறது, பழுத்த கட்டி விண்விண்ணென்று தெறிக்கிறது. இவற்றுள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தல் இயலாது. பல் கமறாது, தொண்டை கூசாது. எழுத்தறியாத பாட்டியும் இவ்வேறுபாட்டிற் பிழை செய்வதில்லை. ஆங்கிலத்திலும் இத்தகைய வினைகள் இல்லாமலில்லை. அம்மொழியினரை நோவறியாதார் என்று எள்ளுதல் அறியாமையாகும். ஆனால் அன்றாடப் பேச்சில் அவர்கள் பெயரடையை முன் நிறுத்துகின்றனர், தமிழர் வினையை முன் நிறுத்துகின்றனர் என்பது உண்மை.

சொல்லின் பழமைக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘சார்’ என்னும் வடிவில் வழங்கியது. அது பெயர்ச்சொல்லாகவும் பெயரடையாகவும் இருந்தது. உடல் நோவையும் உள்ளத் துயரையும் ஒருசேரக் குறித்தது. செருமானிய இனமொழிகள் பலவற்றிலும் இதன் உடன்பிறப்புச் சொற்கள் உள்ளன. சுவீடிய மொழியில் அது காயத்தைக் குறிக்கின்றது. அவ்வினத்தைச் சாராத பின்லாந்து மொழியும் பண்டைக் காலத்திலேயே இச்சொல்லைக் கடன் வாங்கி, ‘சைரசு’ என்று நோயுற்றவனுக்குப் பெயராக இன்றும் வழங்கி வருகின்றது. கொடுத்த மொழிகளில் வடிவும் பொருளும் தேய்ந்து மாறிய பின்னரும், வாங்கிய மொழி பழஞ்சொல்லைப் பேணிக் காத்தல் மொழிநூலிற் பலகாற் காணப்படும் நிகழ்ச்சியே.

செருமானிய மொழியில் நேர்ந்ததோ வியப்பானது. அங்கு ‘சேர்’ என்று வழங்கும் இதே சொல்லுக்கு இற்றைப் பொருள் ‘மிக’ என்பது. மிக நல்லது, மிக அழகு என்னுமிடத்தெல்லாம் செருமானியர் ஒருகாலத்து நோவைக் குறித்த சொல்லையே ஆள்கின்றனர். அதனுள் நோவு இருந்ததை அவர்கள் அறியார். பழம்பொருள், காயப்படுத்தலைக் குறிக்கும் ஒரு வினைச்சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டுள்ளது. ஒல்லாந்த மொழியிலோ நோவும் மிகுதியும் இன்றளவும் ஒரே சொல்லில் உடன் வாழ்கின்றன. ஆங்கிலமும் இவ்வழியிற் சிறிது தொலைவு நடந்ததுண்டு. 1611-ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், ஆயர்கள் வானத்தின் தூதனைக் கண்டு அஞ்சிய இடத்தில், அவ்வச்சத்தின் மிகுதியைச் ‘சோர்’ என்னும் சொல்லே காட்டுகின்றது. கிரேக்க மூலத்தில் பேரச்சம் என்ற கருத்துத்தான் உள்ளது, நோவு என்பது இல்லை. அக்காலத்து ஆங்கில வழக்கே நோவுச் சொல்லை மிகுதிச் சொல்லாக்கி அங்கு வைத்தது. இற்றை ஆங்கிலத்தில், ஒன்று பெரிதும் தேவைப்படுகிறது, ஒருவர் இல்லாக் குறை பெரிதும் உணரப்படுகிறது என்னுமிடங்களில் இதன் வழிவந்த வினையடை மட்டும் அப்பொருளைச் சுமந்து நிற்கின்றது.

தாங்கவியலாத நோவு மிகுதியின் அளவுகோலாதல் மக்கள் இயல்பு. தமிழில் இதற்கு நேர் எடுத்துக்காட்டு உண்டு. ‘கடு’ என்னும் அடியை நோக்குக. கடுங்குளிர், கடும்பசி, கடுஞ்சினம் என்புழி அது மிகுதியைக் குறிக்கின்றது. கை கடுக்கிறது, வயிற்றுக் கடுப்பு என்புழி அதுவே நோவைக் குறிக்கின்றது. ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குரிய பத்துப் பொருள்களுள் கூர்மையும் மிகுதியும் அடங்கும் எனத் தொல்காப்பியம் உரியியலில் வரையறுத்துள்ளது. இற்றை இளைஞரோ ‘கடுப்பாக இருக்கிறது’ என்று எரிச்சலையும் வெறுப்பையும் குறிக்கின்றனர். இதனைக் கேட்டு முகஞ்சுளிக்கும் முதியோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அமெரிக்கர் ‘சோர்’ என்னும் சொல்லை நோவினின்று நகர்த்தி, ஒருவன்மேற் கொண்ட மனத்தாங்கலுக்கும் சினத்துக்கும் வழங்குகின்றனர். தோல்வியைப் பொறாது புழுங்குவானுக்கு ஆங்கிலம் தந்த பெயரிலும் இதே அடைதான் உள்ளது. நோவு, மிகுதி, சினம் என்னும் மூன்று படிகளையும் ‘சோர்’ ஏறியது, ‘கடு’வும் ஏறியது. கல்லூரி வாயிலில் நின்று கடுப்பென்று சொல்லும் இளைஞன் தன்னை அறியாமலே நல்ல தமிழ் பேசுகிறான். அவன் நாவில் அச்சொல்லை விட்டுவைத்தலே நன்று. அதனைப் பறித்துவிட்டால் அவ்விடத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லே வந்து அமரும்.

ஆனால் இவ்வொப்புமையைக் கண்டவுடன் இருசொற்கும் உறவு கட்டப் புறப்படுதல் தகாது. அதனினும் தகாதது, ‘சோர்’ என்னும் ஆங்கில ஒலியும், தளர்தலைக் குறிக்கும் ‘சோர்’ என்னும் தமிழ் வினையும் ஒத்திருத்தலைக் கொண்டு, ஆங்கிலச் சொல்லே தமிழினின்று சென்றதென்று முழங்குதல். ஆங்கிலச் சொல்லின் பழைய உயிரெழுத்து ஆகாரம் என்பதும், ஓகாரம் பின்னர் வந்த திரிபென்பதும் மேலே காட்டப்பட்டன. ஒலி ஒப்புமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு எழுதுவார் தமிழுக்குப் பகைவரைத் தேடிக் கொடுக்கின்றனர். தமிழின் பெருமைக்கு அத்தகைய கடன்கள் வேண்டுவதில்லை.

இச்சொல்லின் மகவொன்று தமிழ்நாட்டுத் தெருக்களில் நாள்தோறும் திரிகின்றது. அதுதான் ‘சாரி’. பேருந்தில் காலை மிதித்தவனும் ‘சாரி’ என்கின்றான். வகுப்புக்குக் காலந்தாழ்ந்து வந்த சிறுவனும் ‘சாரி’ என்கின்றான். கடன் கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்புவோனும் ‘சாரி’ என்கின்றான். அச்சொல் பழைய ஆங்கிலத்தில் நோவுற்ற, துயருற்ற என்னும் பொருளுடைய பெயரடை. துயரத்தைக் குறிக்கும் மற்றோர் ஆங்கிலச் சொல் ஒலியால் அதற்கு அணித்தாக உள்ளமையின் இரண்டும் ஒரு வேரென்று பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. ‘சாரி’ பிறந்தது ‘சோர்’ என்பதன் வயிற்றில். மற்றதன் செல்வாக்கு ஒலியையும் பொருளையும் பின்னர்ச் சற்றே மாற்றியது, அவ்வளவே.

‘சாரி’ என்பதற்குத் தமிழ் யாதெனின், பொறுத்தருள்க என்று உடனே கூறுவர். அது வேண்டுகோள். ‘சாரி’ என்பதோ வேண்டுகோளன்று. தன் நிலையைத் தெரிவித்தல். ‘வருந்துகிறேன்’ என்பதே அதற்கு நேர். ஈழத்தில், குறிப்பாக யாழ்ப்பாணத்தில், ‘அவருக்கு வருத்தம்’ என்றால் அவர் நோய்வாய்ப்பட்டிருக்கிறார் என்றே பொருள். உடல் நோயும் உள்ளத்து இரக்கமும் ‘வருத்தம்’ என்னும் ஒரே சொல்லில் அடங்குதல், ஆங்கிலத்தில் ‘சோர்’ என்பதும் ‘சாரி’ என்பதும் ஒரே குடியிற் பிறந்ததை ஒக்கும். இத்துணைப் பொருத்தமான சொல் வீட்டில் இருக்க, அயலான் நோவை இரவல் வாங்கிக் காலை மிதித்ததற்கு ஈடு செய்ய வேண்டுவதில்லை.

இனி, ஆங்கிலத்தின் தனிச்சொல்லாகிய ‘சோர்’ எவ்வாறு ஒடுங்கியது என்பதைக் காண்க. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரசவையும் வழக்குமன்றமும் பிரெஞ்சு பேசின. வழக்குமன்றத்திலிருந்து வந்த சொற்களுள் ஒன்றே ‘பெயின்’. பிரெஞ்சு வழியாக இலத்தீனுக்கும், அதன்வழியாகக் கிரேக்கத்திற்கும் செல்லும் இச்சொல்லின் அடிப்பொருள் நோவன்று. குற்றத்திற்குச் செலுத்தும் ஈடு, ஒறுப்பு என்பதே. மீறினால் உயிர்த்தண்டம் என்று எச்சரிக்கும் ஆங்கிலத் தொடரில் அப்பழம்பொருள் இன்றும் உள்ளது. நோவைத் தண்டனையாகக் காணும் இவ்வயற்சொல், நோவை நோவாகவே கண்ட தாய்ச்சொல்லின் பெயர்ச்சொல் இடத்தைப் பற்றிக்கொண்டது. ‘சோர்’ தோலின்மேல் உள்ள புண்ணாகவும், தொட்டால் நோகும் உறுப்பின் அடையாகவும் சுருங்கிற்று. கொடுநோவைக் குறிக்கப் பின்னர் இலத்தீனிலிருந்து வந்த ‘எக்சுகுருசியேட்டிங்’ என்னும் பெயரடையின் உள்ளே சிலுவை இருக்கிறது. சிலுவையில் அறைதல் ஒத்த நோவு என்பது அதன் வேர்ப்பொருள்.

ஆங்கிலேயருடைய நோவுச் சொற்களுள் வேறு சிலவும் விந்தையான ஊழ் எய்தின. ‘ஏக்’ என்பது தூய ஆங்கிலச் சொல். 1755-இல் அகரமுதலி வெளியிட்ட சாமுவேல் சான்சன், அது கிரேக்கத்தினின்று வந்ததென்று தவறாகக் கருதி, அதற்கேற்ற எழுத்துக்கூட்டலை நிலைநிறுத்தினார். வீட்டுப் பிள்ளையை விருந்தாளி என்று பெயர் எழுதி வைத்தாற் போன்றது இது. தமிழ்ச் சொற்கள் பலவற்றை வடசொல் என்று குறித்த அகரமுதலிகளைப் புரட்டியோர்க்குச் சான்சனுடைய பிழை புதிதாகத் தோன்றாது. ‘சுமார்ட்’ என்பது மற்றொன்று. சுரீரென்று எரியும் நோவைக் குறித்த பழைய ஆங்கிலப் பெயரடை அது. கூரிய நோவு கூரிய அறிவாயிற்று. கூரிய அறிவு இன்று எல்லாருடைய சட்டைப் பையிலும் உள்ள பேசிக்கு அடையாயிற்று. தமிழர் அதனைத் திறன்பேசி என்றனர். நோவை அகற்றிப் பெயர் வைத்தது நன்றே.

தம் சொற்கள் இவ்வாறு ஒடுங்குதலைக் கண்டு வருந்திய ஆங்கிலேயரும் இருந்தனர். 16-ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்சில் கிரேக்கப் பேராசிரியராக விளங்கிய சர் சான் சீக்கு, கடன் வாங்கிக்கொண்டே இருந்தால் மொழி ஒருநாள் கடனடைக்க இயலாது நொடித்துப்போகும் என்று கருதினார். மத்தேயு எழுதிய நற்செய்தியை அவர் பெயர்த்தபோது, நூற்றுவர் தலைவனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை விலக்கி, நூறு என்னும் ஆங்கில எண்ணிலிருந்தே ஒரு பெயரை ஆக்கிக்கொண்டார். அயன்மொழி அறியாதார்தாம் தூய்மை பேசுவர் என்பார்க்குக் கிரேக்கம் கற்பித்த இவர் வாழ்க்கையே விடை. 19-ஆம் நூற்றாண்டில் தார்செட்டு மாவட்டத்துப் பாவலர் வில்லியம் பார்னசு, இலக்கணத்துக்கே தனி ஆங்கிலப் பெயரிட்டு 1878-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் ஆக்கிய சொற்களுட் பல நிலைக்கவில்லை. ஆங்கிலம் அரசாண்ட மொழியாகலின், கடனில் மூழ்கியும் அதற்கு வாழ்வு குறையவில்லை. அரசிழந்த மொழிகளின் நிலை வேறு.

பேரவைகளில் இழந்த சொல்லை எல்லைப்புறத்து மக்கள் காத்து நிற்றலையும் இச்சொல் வரலாறு காட்டுகின்றது. இசுகாட்லாந்திலும் அயர்லாந்திலும் தலைநோவு வந்தவர் இன்றும் தம் தலை ‘சோர்’ என்றே கூறுவர். இலண்டன் வழக்கு அதனைக் கைவிட்டு நெடுங்காலமாயிற்று. தமிழிலும் அஃதே நிகழ்ந்தது. சங்க இலக்கியத்தில் ‘வலி’ என்பது பெரும்பாலும் வலிமையையே குறிக்கும். நோவைக் குறிக்கும் சொற்கள் நோ, நோய் என்பனவே. இன்று தமிழ்நாட்டில் வலி என்பதே எங்கும் வழங்க, ஈழத்தமிழரோ ‘கால் நோகுது’ என்றும், ‘நாரி நோ’ என்றும் பழஞ்சொல்லை வாயில் வைத்துப் பேணுகின்றனர். தலை நொந்தால் தலையிடி என்றும், வயிறு நொந்தால் வயிற்றுக்குத்து என்றும் நோவின் தன்மையைப் பெயரிலேயே வைக்கின்றனர். தமிழ்நாட்டார் இவற்றைக் கொச்சை என்று நகைத்தல் பெரும்பேதைமை.

இதழ்களில் எழுதுவார் ஒருசிலர், இச்சொல் வரும் ஆங்கில மரபுத்தொடர்களை அப்படியே தமிழில் கொட்டுவதையும் இங்குக் குறித்தல் வேண்டும். ஒரு கட்டடம் சூழலுக்குப் பொருந்தாது தனித்துத் தெரிந்தால் ‘புண்பட்ட கட்டைவிரல்போல்’ நிற்கிறது என்று எழுதுகின்றனர். ஆங்கிலேயன் கட்டைவிரலில் அடிபட்டால் அதனைத் தூக்கிப் பிடித்துக்கொள்வான் போலும். தமிழனுக்கு அப்படம் கண்ணில் தோன்றவில்லை. ‘துருத்திக்கொண்டு நிற்கிறது’ என்றால் போதும். நெடுநாள் காணாத நண்பனைக் கண்டவன் ‘நொந்த கண்களுக்குக் காட்சி’ என்று கூறுவதாகப் பெயர்த்த கதையும் உண்டு. ‘கண் குளிர்ந்தது’ என்பதனினும் அழகான தொடர் வேண்டுமோ?

நோவுச் சொற்களின் ஆராய்ச்சி பொழுதுபோக்கன்று. கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகத்து உளநூலறிஞர் இரொனால்டு மெல்சாக்கு, நோயாளிகள் நோவை உரைக்கும் சொற்களைத் திரட்டி ஆராய்ந்து, 1975-இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். 78 சொற்கள், பெரும்பாலும் பெயரடைகள், 20 தொகுதிகளாக அதில் உள்ளன. துடிக்கும் நோவு, குத்தும் நோவு, எரியும் நோவு, இழுக்கும் நோவு எனத் தன்மைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் மென்மையினின்று வன்மைக்கு ஏறுமாறு அவை அடுக்கப்பட்டன. ‘சோர்’ என்பது மழுங்கிய நோவுகளின் தொகுதியில் இரண்டாம் படியில் உள்ளது. முழு நோவையும் ஒன்று முதல் ஐந்துவரை அளக்கும் பகுதியில், உச்சியில் உள்ள ஐந்தாம் படி மேலே கண்ட சிலுவைப் பெயரடையே. நோயாளி தேர்ந்தெடுக்கும் சொல்லே நோயின் வகையைக் காட்டும் கருவியாதலை உலக மருத்துவம் இதனால் ஒப்புக்கொண்டது. பிற மொழியினரும் இப்பட்டியலைத் தத்தம் மொழிக்கேற்ப அமைத்துக்கொண்டனர். அவ்வாறு அமைக்குங்கால் ஆங்கிலச் சொல்லுக்குச் சொல் வைத்தல் பயன்படாது. அம்மொழி பேசுவார் நோவை எவ்வாறு கூறுகின்றனர் என்று அவர்களிடமே கேட்டல் வேண்டும்.

தமிழ்நாட்டு மருத்துவமனையில் நிகழ்வதை எண்ணுக. சிற்றூரிலிருந்து வந்த முதியவர் ‘இடுப்பிலிருந்து கால்வரை சுரீரென்று இழுக்கிறது, பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது’ என்கின்றார். எதிரில் உள்ள இளைய மருத்துவர், ஆங்கிலத்திற் கற்றவர், ‘கால் பெயின்’ என்று எழுதுகின்றார். சுரீரென்று ஓடுதலும் எரிதலும் மரத்தலும் நரம்பு தாக்குண்டமைக்கு அறிகுறி. குடைதலும் பிடித்தலும் மூட்டிலும் தசையிலும் உள்ள கேட்டைச் சுட்டுவன. முதியவர் பாதி நோய்க்கணிப்பைத் தம் வாயாலேயே செய்துகொடுத்தார். அது தாளில் ஏறவில்லை.

நெஞ்சு நோயில் இதன் கேடு உயிரளவும் செல்லும். 1772-இல் வில்லியம் எபர்டன் என்னும் ஆங்கில மருத்துவர், நடக்கும்போது நெஞ்சில் தோன்றி நின்றால் தணியும் கொடுந்துன்பத்தை விளக்கி எழுதியபோது, அதற்கு நோவென்று பெயரிடாமல், நெரித்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் பெயரிட்டார். காரணம் வெளிப்படை. நெஞ்சுக்குலைக்குக் குருதி குறைந்தவர் பலர் அதனை நோவென்றே உணர்வதில்லை. ‘நெஞ்சு வலிக்கிறதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பர். ‘அடைக்கிறது’, ‘பிசைகிறது’, ‘இறுக்குகிறது’, ‘பாறாங்கல்லை ஏற்றினாற்போல் இருக்கிறது’ என்பர். வலி என்னும் ஒரு சொல்லை மட்டும் அறிந்த கேள்விக்கு ‘இல்லை’ என்னும் மறுமொழி வந்ததும், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுதல் எத்துணை ஏதம்! கேட்பவர் இன்னும் நான்கு தமிழ் வினைகளை அறிந்திருப்பாராயின் அவ்வுயிர் பிழைக்கும்.

ஊரிலும் நிலைமை மாறி வருகின்றது. உளைச்சலும் குடைச்சலும் கடுப்பும் சொல்லிவந்த வாய்கள் ‘ஒரே பெயின்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டன. முன்பு ‘வேதனை’ என்னும் வடசொல் வந்து நோவின் வகைகளை மூடிற்று. இன்று ‘பெயின்’ வந்து அதனையும் மூடுகின்றது. நார்மானியர் காலத்தில் ‘சோர்’ எய்திய ஊழை இச்சொற்கள் எய்துகின்றன. வேறுபாடு ஒன்றே: ஆங்கிலேயரை வென்ற அயலார் படையொடு வந்தனர், இங்கோ படையும் இல்லை, வற்புறுத்துவாரும் இல்லை.

தமிழில் மருத்துவம் சொல்லவியலாது என்பார்க்குச் சான்று நெடுந்தொலைவில் இல்லை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அறுவை மருத்துவமும் உடற்கூறும் தமிழில் நூல்களாயின. அந்நூல்களின் பெயரிலும் கலைச்சொற்களிலும் வடசொல் மலிந்திருந்தமை குறையே. ஆயினும், நோயாளியின் மொழியை மருத்துவன் அறிந்திருத்தல் வேண்டும் என்பதை ஓர் அயல்நாட்டார் அன்றே உணர்ந்தார்.

செய்ய வேண்டுவது பெரும்பணியன்று. மருத்துவக் கல்லூரி மாணவர், பயிற்சிக் காலத்தில் நோயாளி கூறும் நோவுச் சொல்லை அவர் கூறியவாறே தமிழில் குறித்து, அதன்கீழ் ஆங்கிலத்தை எழுதுக. ஆங்கில ஆசிரியர், ‘சோர்’ என்பதற்குப் புண் என்று ஒரு சொல் எழுதிப்போடாமல், தொண்டைக்கு ஒன்றும் தசைக்கு ஒன்றும் காலுக்கு ஒன்றுமாகத் தமிழ் வினைகளைக் கேட்டு வாங்குக. மாணவர் அவற்றை வீட்டில் பாட்டியரிடம் கேட்டு வருவர். தமிழாசிரியர் அவ்வாறு வந்த சொற்களை ஊரும் உறுப்பும் குறித்துத் தொகுக்க. ‘உளைச்சல்’ என்பது நகரத்தில் உள்ளத்துக்கு மட்டும் உரியதாகிவிட்டது. காலுக்கும் இடுப்புக்கும் அது எவ்வெவ்வூரில் இன்னும் வழங்குகிறது என்பதை முதலில் எழுதிவைக்க.